டூட்டி பார்த்துப் பெய்த மழை

ஜீப் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. இருமியது, குலுங்கியது, கடைசியில் மலைப்பாதையின் நடுவில் மூச்சை விட்டது. டிரைவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். குப்பென்று ஆவி கிளம்பியது.

"ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும்," என்றார்.

"நேரம் பார்த்துக் கேட்டீங்க," என்றாள் பட்டாசு. "ஊர்ல மனுஷங்களுக்கே வாரத்துல ஒரு நாள்தான் குழாய் வருது. உங்க வண்டிக்கு ஒரு குடம் எடுத்துட்டுப் போய் வரிசையில நிக்கவா?"

பட்டாசு என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. துப்பறிவாளரிடம் அவள் உதவியாளராகச் சேர்ந்த வாரத்திலேயே, ஆபீஸுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் சூட்டியது. அவளுக்கு நேர் எதிர் துப்பறிவாளர். நாள் முழுக்கச் சேர்த்தாலும் நாலு வாக்கியம் தேறாது. மனைவி போய்ச் சேர்ந்தபிறகு அதிலும் இரண்டு குறைந்துவிட்டது. இப்போதும் "உம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜீப்பிலிருந்து இறங்கிச் சரிவைப் பார்த்தபடி நின்றார்.

விவகாரம் இதுதான். ஆறு பிறக்கிற மலையின் உச்சியில் ஒரு மழைமானி இருக்கிறது. அதில் நல்ல மழை பதிவானால், அடுத்த ஓரிரு நாளில் கீழே அணைக்கு நீர் வந்து சேரும். அந்த வரவை நம்பி, அணையில் இருக்கிற நீரைக் கடைமடை வயல்களுக்குத் திறந்துவிடலாம் என்பது இலாகா விதி. இந்தக் கோடையில் உச்சியிலிருந்து பலமுறை மழை என்று செய்தி வந்தது. அணையும் திறந்தது. போன தண்ணீர் போயே போய்விட்டது. வரவேண்டியது வரவே இல்லை. இப்போது அணையில் சேறுதான் மிச்சம், நகரத்துக் குழாய்களைத் திருகினால் காற்றுதான் வருகிறது.

கோடையின் உச்சத்தில் மலையில் மட்டும் மழையா என்று முன்பெல்லாம் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். இப்போது கேட்க வாய் வருமா? மழைக்கும் வெயிலுக்கும் வரைமுறையே இல்லாமல் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. எந்த மாதத்தில் எது நடந்தாலும் ஜனங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

தண்ணீரைத் திறக்கச் சொன்னது ஒவ்வொரு முறையும் ஒரே ஆள். கட்டுப்பாட்டு அறையில் ஏழாம் நம்பராக டூட்டி பார்க்கும் என்ஜினியர் அம்மா. அங்கேதான் வினையே. அந்த அம்மா டூட்டியில் இருந்த நாட்களில் மட்டும்தான் மலையில் மழை பெய்திருந்தது. மற்றவர்கள் டூட்டியில் ஒரு தூறல்கூட இல்லை. கடைமடைக்காரர்களிடம் கை நீட்டிவிட்டு இல்லாத மழையைப் பெய்ய வைத்தார் என்று இலாகா அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நாளைக்கு விசாரணை. பதில் இல்லையென்றால் வேலை போகும், பின்னாலேயே வழக்கும் வரும்.

"நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கல சார்," என்று அந்த அம்மா துப்பறிவாளரின் ஆபீஸில் உட்கார்ந்து சொன்னார். "மேல இருந்து நம்பர் வந்துச்சு. போன் பண்ணிக் கேட்டேன். ஆமான்னு சொன்னாங்க. திறந்தேன். அவ்வளவுதான்." அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவர் போலிருந்தார்.

அவருக்காகப் பரிந்து பேசியவர் பெரிய என்ஜினியர் ஒருவர்தான். அவர் சொன்ன காரணமோ வேறு. மலைச் சரிவில் ஓடும் நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதற்காக வரிசை வரிசையாகக் குழி வெட்டியிருக்கிறார்கள். மழை பெய்தது உண்மை, அதைக் குழிகள் குடித்துவிட்டன, பேசாமல் எல்லாவற்றையும் மண்ணள்ளி மூடிவிடலாம் என்றார் அவர்.

துப்பறிவாளர் இப்போது அப்படி ஒரு குழிக்குள் இறங்கிக் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"சார், அவசரம்னா சொல்லிட்டுப் போகக்கூடாதா? நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்ல," என்றாள் பட்டாசு.

"இங்க வா."

குழியின் அடியில் மாவு போலப் புழுதி. அதில் புனல் போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன. துப்பறிவாளர் ஒரு குச்சியால் ஒன்றைக் கிளறினார். சாம்பல் நிறப் பூச்சியொன்று பின்பக்கமாகவே நகர்ந்து மண்ணுக்குள் புகுந்துகொண்டது.

"குழியானை," என்றாள் பட்டாசு. "சின்ன வயசுல கையில விட்டு விளையாடியிருக்கேன். இதையா கைது பண்ணப் போறோம்?"

"இது பொடி மண்ணுலதான் குடியிருக்கும். தண்ணி நின்ன குழின்னா அடியில வண்டல் படிஞ்சு, காஞ்சு, ஓடு ஓடா வெடிச்சிருக்கணும். இந்த வரிசை முழுக்கப் பார்த்துட்டேன். எங்கயும் இல்ல."

"அப்போ குழி குடிக்கல."

"குடிக்க எதுவும் வரல."

பட்டாசு முகத்தைச் சுளித்தாள். "சார், நீங்க நம்ம கட்சிக்காரம்மாவைக் காப்பாத்த வந்தீங்களா, மாட்டிவிட வந்தீங்களா? மழையே பெய்யலன்னா, அவங்க டூட்டியில மட்டும் எப்படிப் பெஞ்சுதுன்னு நாளைக்குக் கேப்பாங்களே."

துப்பறிவாளர் புழுதியைத் தட்டிவிட்டுக் குழியிலிருந்து ஏறினார். டிரைவர் தன் குடிநீர் பாட்டிலை மனசில்லாமல் ரேடியேட்டரில் கவிழ்க்க, ஜீப் மறுபடி கிளம்பியது.

உச்சியில் ஒரே ஓர் அறை. தகரக் கூரை. முன்னால் வெட்டவெளியில், கம்பிவேலிக்குள், இடுப்புயரத்துக்கு அந்த மழைமானி. சுற்றிலும் மொட்டைப் பாறையும் கருகிய புல்லும்தான். காற்று மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மானியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஜீப் சத்தம் கேட்டதுமே வெளியே வந்து நின்றுவிட்டார். யார், எதற்கு வந்தீர்கள் என்றுகூட முதலில் கேட்கவில்லை.

"வாங்க சார், வாம்மா, உக்காருங்க. நாற்காலி ரெண்டு இருக்கு, ஒண்ணுல யாரும் உக்காந்ததே இல்ல, புதுசு மாதிரியே இருக்கும் பாருங்க. காத்து பயமுறுத்துதா? அது அப்படித்தான், கத்திட்டு அடங்கிடும். போன வாரம் கூரையில ஒரு ஆணி கழண்டு போச்சு, அதைத் தேடினேன் பாருங்க, ஒரு நாள் பூரா..."

ஆணி கிடைத்த கதை, பல்லி ஒன்று வந்து போன கதை, கீழே ஊற்று வற்றியதால் வாராவாரம் ஜீப்பில் ஒரு கேன் தண்ணீர் வருகிற கதை எல்லாம் மூச்சுவிடாமல் வந்தன. பேசிக்கொண்டே கேனைச் சாய்த்து இருவருக்கும் ஆளுக்குப் பாதி தம்ளர் கொடுத்தார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

துப்பறிவாளர் சுவரைப் பார்த்தார். ஒரு சின்னப் பெட்டி, அதில் எண்களை அழுத்தும் பட்டன்கள், மேலே விரலளவு திரை. பக்கத்தில் ஒரு பழைய டெலிபோன்.

"காலையிலயும் சாயங்காலமும் மானியில எவ்வளவுன்னு அளந்து பெட்டியில அழுத்தணும். நேரா ஆபீஸுக்குப் போயிடும்," என்றார் மானிக்காரர். "சைபர்னா அதோட சரி. மழைன்னா மட்டும் அங்க டூட்டியில இருக்கறவங்க போன் போட்டுக் கேட்டு உறுதி பண்ணணும். அது ரூலு. பெட்டி வர்றதுக்கு முன்னாடி தினம் ரெண்டு வேளையும் போன்லதான் சொல்லுவோம்."

"இதுல இருந்து நீங்க கூப்பிடலாமா?"

"முடியாது சார். வர்றது மட்டும்தான். சிக்கனமாம், வெட்டிட்டாங்க. செல்போனுக்கு இங்க சிக்னலும் கிடையாது."

திரையில் 4 என்று ஒளிர்ந்தது. துப்பறிவாளர் அதை விரலால் காட்டினார்.

"அது இன்னிக்கு டூட்டி யாருன்னு காட்டும். நாலாம் நம்பர் ஒரு பெரியவர். போன வருஷம் மழையில பேசியிருக்கேன். 'எவ்வளவு?' அப்படிம்பார், சொன்னதும் வச்சிடுவார். ரெண்டாம் நம்பருக்கு ஓயாத இருமல். அஞ்சு புதுப் பையன், நம்மள மதிக்க மாட்டான்."

"ஏழு?"

அதுவரை ஓடிக்கொண்டிருந்த வாய் சட்டென்று நின்றது. மானிக்காரர் கேனின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"ஏழாம் நம்பர் கொஞ்ச நாளா வர்றதில்ல. உடம்புக்கு எதுவும் முடியலையா சார்? உங்களுக்குத் தெரியுமா?"

"விசாரிச்சுச் சொல்றேன்," என்று எழுந்தார் துப்பறிவாளர்.

மானிக்காரர் ஜீப் வரை கூடவே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு மேலும் இரண்டு கதை சொன்னார். டிரைவர் கியர் போட்ட பிறகுதான் கையை எடுத்தார்.

"கையும் களவுமா மாட்டினாச்சு," என்றாள் பட்டாசு, முதல் வளைவு தாண்டியதும். "சாவி அவர்கிட்ட, அளக்கறது அவர், அழுத்தறது அவர். ஏழுன்னதும் முகம் போன போக்கைப் பார்த்தீங்களா? அந்தம்மாவும் இவரும் கூட்டு. பயத்துல உளறித் தள்ளிட்டார்."

"பயந்தவன் நம்மளச் சீக்கிரம் கிளப்பிவிடத்தான் பார்ப்பான். இவர் கதவை விடவே இல்ல."

"சரி, அப்போ கூட்டுல இவர் பங்கு என்ன?"

"அந்த ரூமைப் பார்த்தியே. புதுசா என்ன இருந்தது? ஒரு நாற்காலி. அதுவும் யாரும் உட்காராததால புதுசு."

சரிவின் பாதியில் சிக்னல் கிடைத்தது. கிடைத்த கையோடு துப்பறிவாளரின் போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் கடன் வேண்டுமா சார் என்று ஆரம்பித்தாள். வட்டி, தவணை, சலுகை என்று அவள் ஒப்பித்ததையெல்லாம் அவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பாறையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். இடையிடையே "சரிம்மா" என்றார். முடிவில், "எனக்குக் கடன் வேண்டாம்மா. நீ சாப்பிட்டியா?" என்றார். அந்தப் பக்கம் ஒரு நொடி திகைத்து, பிறகு வைத்துவிட்டது.

"வாரா வாரம் இதே கூத்துதான்," என்றாள் பட்டாசு. "எல்லாரும் ஹலோன்னதும் கட் பண்றாங்க. நீங்க ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் கேக்கறீங்க. அந்தக் கம்பெனியில உங்க போட்டோவை மாட்டி வச்சிருப்பாங்க சார். வேண்டாம்னா வச்சிட வேண்டியதுதானே, அதுல என்ன..."

அவள் பாதியில் நிறுத்தினாள். துப்பறிவாளர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ நடுமண்டையில் நறுக்கென்று குட்டியது போலிருந்தது அவருக்கு. வீட்டுக் கதவைத் திறந்ததும் லைட்டுக்கு முன்னால் ரேடியோவைப் போடுகிற மனுஷன் அவர். எந்தக் குரலாவது இருந்தால் போதும் என்கிற நிலை எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை இத்தனை நேரம் மலை உச்சியில் எதிரில் உட்கார்ந்து பார்த்தும் அடையாளம் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

பெரிய என்ஜினியரை அழைத்தார்.

"இன்னிக்கு சாயங்காலம் மட்டும் அந்தம்மாவை அவங்க சீட்டுல உட்கார வைங்க சார். அவங்க நம்பர்லயே. நீங்க பக்கத்துலயே இருங்க. அவங்க எதையும் தொட வேண்டாம்."

"சஸ்பெண்ட் ஆன ஆளை எப்படிய்யா உட்கார வைக்கறது? எதுக்கு?"

"மழை வரவைக்கறேன்."

பட்டாசு அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

மாலை வரை ஆற்றில் காத்திருந்தார்கள். ஆறு என்பது வழக்கத்துக்காகச் சொல்வது. அகலமான மணல், நடுவே ஒரு பள்ளம். பள்ளத்தில் கசியும் தண்ணீரைத் தம்ளரால் மொண்டு மொண்டு ஒரு பெண் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரம்பவே இல்லை. அவளுக்குப் பின்னால் குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன, ஆட்கள் நிழலுக்குப் போயிருந்தார்கள். துப்பறிவாளர் கரையில் உட்கார்ந்து அதையே பார்த்தார். யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் நாக்கு உலர்ந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

வெயில் சாயும்போது ஜீப்பைக் கடைசி வளைவுக்குக் கீழேயே விட்டுவிட்டு நடந்து ஏறினார்கள். அறையின் பின்பக்க ஜன்னல் திறந்திருந்தது; அதன் வழியே உள்ளே நடப்பதும், எதிர் வாசலுக்கு அப்பால் மழைமானியும் தெரிந்தன.

மானிக்காரர் பெட்டியின் முன்னால் நின்றிருந்தார். திரையில் 7. அவர் முகத்தில் பல நாள் கழித்து ஊர் திரும்பிய மகளைப் பார்த்த களை. அவசர அவசரமாகச் சட்டையை மாற்றினார். தலையை வாரினார். பிறகு கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். அடியில்தான் கொஞ்சம் இருந்தது. அதை ஒரு பாத்திரத்தில் சாய்த்து, யோசித்து, இன்னும் கொஞ்சம் சாய்த்தார். எடுத்துக்கொண்டு வெளியே போய், நிதானமாக மழைமானியின் வாயில் ஊற்றினார். கடைசிச் சொட்டு இறங்கும்வரை நின்றார். அப்புறம் சாவி போட்டுத் திறந்து, உள்ளே சேர்ந்ததைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோடு பார்த்து அளந்தார். பொய்யைக்கூட முறைப்படிதான் அளந்தார் அந்த மனுஷன்.

"சார்," என்றாள் பட்டாசு மெதுவாக. "அது அவர் குடிக்கிற தண்ணி."

மானிக்காரர் உள்ளே வந்து எண்ணை அழுத்திவிட்டு, டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது இவர்கள் வாசலில் நின்றார்கள்.

"மழை எவ்வளவு?" என்றார் துப்பறிவாளர்.

மானிக்காரர் எழுந்தார். வெளியே பார்த்தார், இவர்களைப் பார்த்தார். மறுக்க அவருக்குத் தெம்பில்லை.

"சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க சார்," என்றார். "மத்தவங்க எல்லாம் எவ்வளவுன்னு மட்டும் கேப்பாங்க. இவங்க, மழை நல்லா பெஞ்சுதா, கூரை ஒழுகுதா, தனியா பயமா இல்லையா, சாப்பிட்டீங்களா... அம்புட்டும் கேட்டுட்டுத்தான் வைப்பாங்க. வேற ஒண்ணும் இல்ல சார். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"அந்த நம்பரை வச்சு ஆபீஸ்ல என்ன பண்றாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எழுதி வைப்பாங்க." அவர் தயங்கினார். "பெட்டி வந்த அப்புறம் அதை யாரும் பாக்கறதுகூட இல்லன்னு நினைச்சேன்."

துப்பறிவாளருக்குப் பேச்சு எப்போதுமே வராது. அன்றைக்கு வந்தே தீரவேண்டியிருந்தது. அணை திறந்ததைச் சொன்னார். வராத நீரைச் சொன்னார். நகரத்துக் குழாய்களையும், ஆற்றுப் பள்ளத்தில் தம்ளரால் மொள்ளும் பெண்ணையும் சொன்னார். ஏழாம் நம்பருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உங்கள் மழையை நம்பித் திறந்ததால் வீட்டில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், நாளைக்கு விசாரணை என்பதையும் சொன்னார். மானிக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

டெலிபோன் அடித்தது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, துப்பறிவாளர் தடுமாறினார். மானி பழுது என்று எழுதிக் கொடுத்தால் என்ன? அந்த அம்மாவும் தப்பிப்பார், இந்த மனுஷனும் தப்பிப்பார். ஆனால் பழுது என்றால் எந்த நாள் பெய்தது, எந்த நாள் பெய்யவில்லை என்று யார் சொல்வது? குழிகள் குடித்தன என்ற பேச்சு அப்படியே நிற்கும். மண்ணள்ளி மூடிவிடுவார்கள். நிஜமாக மழை வருகிற வருஷத்தில் அதைப் பிடித்து வைக்க இந்த மலையில் ஒன்றும் இருக்காது.

"எடுங்க," என்றார். "நீங்களே சொல்லுங்க."

அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"கட்டுப்பாட்டு அறை பேசறேன். மழை அளவை உறுதிப்படுத்துங்க." பக்கத்தில் பெரிய என்ஜினியர் இருக்கிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"மழை பெய்யலம்மா," என்றார் மானிக்காரர்.

"என்ன சொல்றீங்க?"

"இந்தக் கோடையில ஒரு நாளும் பெய்யல. நான்தான் ஊத்தினேன். ஊத்தினா நீங்க கூப்பிடுவீங்கன்னு."

அங்கே ஒரு நாற்காலி நகர்ந்தது. பெரிய என்ஜினியர் ஏதோ கேட்டார். அந்த அம்மா அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"எந்தத் தண்ணிய ஊத்தினீங்க?" என்றார் அந்த அம்மா.

"குடிக்க வச்சிருந்ததும்மா."

"மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"ஜீப் எப்ப வரும்?"

"இன்னும் நாளாகும்."

பிறகு அந்த அம்மா பேசியபோது குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. நாள் முழுக்க நடந்து களைத்த ஆள் பேசுவது போலிருந்தது.

"இனிமே நான் கூப்பிட மாட்டேன். அதனால ஊத்தாதீங்க. குடிங்க."

லைன் அறுந்தது.

மானிக்காரர் ரிசீவரை அதன் இடத்தில் நேராக வைத்தார். பட்டாசு தோளில் தொங்கிய பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவங்களுக்கு வேலை திரும்பக் கிடைச்சிடும்ல சார்?" என்றார் மானிக்காரர்.

"கிடைச்சிடும்."

"அது போதும்," என்றார். போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெட்டியின் முன்னால் போய் நின்று, அன்றைய அளவை அழித்துவிட்டு, சைபரை அழுத்தினார். பச்சை விளக்கு ஒருமுறை மின்னியது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மூவரும் டெலிபோனைப் பார்த்தபடி நின்றார்கள். சைபருக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. யாரும் கூப்பிடவில்லை.